கதவுக்கு ஒரு கூறு

குளத்துப் பம்பிலிருந்து பஞ்சைக் கழற்றி அலசியிருக்கிறீர்களா? இல்லையென்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். மீனின் எச்சமும் பாசியும் சேறும் சேர்ந்து கருப்பாக வழியும். விரலிடுக்கில் ஏறிய நாற்றம், சோப்புப் போட்டாலும் மத்தியானச் சோறு வரைக்கும் கூடவே வரும். இன்று காலை அதைத்தான் அலசிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் என்றால் மூக்கைத் திருப்பிக்கொண்டு அலசுவார்கள். நான் பஞ்சை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நன்றாக இழுத்து முகர்ந்தேன். கார் எடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்டினேன். அவளும் ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை, இந்த அம்மாவைக் கொண்டுபோய் ஒரு தடவை காட்டினால் நல்லது என்று மனசுக்குள் நினைத்திருப்பாள்.

என்ன செய்ய, எனக்குத் தெரிந்த நாற்றம் அது. வளர்ந்த இடத்து நாற்றம். ஆனால் முதலில் இந்தக் குளம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பாட்டுக்கு எங்காவது போய்விடுவேன்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை வீட்டு முகப்பில் அவருடைய கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமையானால் அதைக் கழுவித் துடைத்து, குனிந்து குனிந்து பார்ப்பார். என்னை ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருப்பாரா என்று கேட்டால்... சரி, போன மனிதரை இழுப்பானேன். எனக்குக் கார் ஓட்ட வராது. அவர் போனபின் மகள் செல்வி அதை விற்றுவிட்டாள். செல்வி இருப்பது ஜொகூரில். அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள், பாவம், பாலத்திலேயே பாதி ஆயுசு போகிறது. கார் போன இடத்தில் சிமெண்டுத் தரையில் ஓர் எண்ணெய்க் கறை மிச்சமிருந்தது. தேய்த்துப் பார்த்தேன், மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், போகவில்லை. காலையில் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். டிவியைப் போட்டுவிட்டு அடுக்களையில் நிற்பேன், யாரோ கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. செய்தி வாசிக்கிறவர் சொல்வதற்கெல்லாம் "அப்படியா?" என்று பதில் சொல்லத் தொடங்கிய அன்றுதான் எனக்கே பயம் வந்தது.

செல்வி போனில் சொன்னாள்: "மா, ஒரு மீன் தொட்டி வாங்கி வைங்களேன். பிரஷருக்கு நல்லதாம். பாத்துக்கிட்டே இருக்கலாம்லா."

அவள் நினைத்தது மேசைமேல் வைக்கிற கண்ணாடிப் பெட்டி. நான் செங்கல் இறக்கிவிட்டேன். எண்ணெய்க் கறைக்கு மேலேயே, முழங்கால் உயரத்துக்கு, ஒற்றைக் கட்டில் அளவில் ஒரு குளம். கொத்து வேலைக்காரர் இரண்டு தடவை கேட்டார், நிஜமாகவே கார் நிற்கிற இடத்திலா என்று. கார் இல்லாத இடத்தில் என்றேன்.

புதுச் சிமெண்டில் மீனை அப்படியே விடக்கூடாது. காரம் இறங்கி மீன் செத்துவிடும். வாழைமரத்தை வெட்டித் துண்டு போட்டு, தண்ணீரில் ஊறவிட்டு ஊறவிட்டுக் கொட்ட வேண்டும். பின் சந்தில் வாழை வைத்திருக்கும் மலாய்க்கார அக்கா முழு மரமாகவே ஒன்றைத் தந்தார். அதை இழுத்துவந்து கேட்டில் சாய்த்துவைத்துவிட்டுக் கத்தி எடுக்க உள்ளே போனேன். வருவதற்குள், கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா நின்றுவிட்டார்.

"என்னக்கா, வாசல்ல வாழமரம்? செல்விக்கு முடிவாயிருச்சா? ஒரு வார்த்த சொல்லலியே!"

"ஆமாலா, முடிவாச்சு. மாப்பிள்ளைக்குச் செதில் இருக்கு, செவுள் இருக்கு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டுகிற ஜாதி நாம், மீனுக்குக் கட்டுவோம் என்று யார் நினைப்பார்?

வாழை ஊறி, தண்ணீர் மாற்றி, பம்பைப் போட்டேன். பம்பு என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். சோப்புப் பெட்டி அளவுதான். தண்ணீருக்கடியில் கிடந்து உறிஞ்சும். ஒரு குழாய் வழியாக மேலே பஞ்சுப் பெட்டிக்கு ஏறி, அங்கே அழுக்கை விட்டுவிட்டு, தண்ணீர் மறுபடியும் குளத்தில் விழும். விழுகிற சத்தம் கேட்டதும் டிவியை அணைத்தேன்.

மீன் வாங்கப் போனது, வளர்ப்பு மீன் விற்கிற சீனக்காரன் மெங்கின் கடைக்கு. அவனுடைய அப்பா எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துச் சின்ன டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் மெங்குக்குத் தமிழ் வரும். இலக்கணத்தை மட்டும் அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

"எத்தன வேணும் அக்கா?"

"கோய் மீன் பத்து."

"கொளம் எவ்ளோ பெரிசு?"

கையை விரித்துக் காட்டினேன். அவன் சிரித்தான். "ஐயோ, மூணு போதும்லா. இப்ப வெரல் மாதிரி. அப்பறம் கை மாதிரி ஆவும்."

"பத்து."

"சரி, நாலு."

"நான் என்ன கத்திரிக்காயா வாங்குறேன், பேரம் பேச? பத்துன்னா பத்து."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே வலை போட்டான். ஏன் பத்து என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தரமாட்டான்.

இங்கேதான் அந்த நாற்றத்துக்கு வருகிறேன்.

எங்கள் லயம் பத்துக் கதவு. தோட்டத்தில் வீடு என்று எண்ணமாட்டோம், கதவு என்றுதான் எண்ணுவோம். ஒரே நீளக் கூரை, நடுவில் பலகைச் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறு' என்பார்கள். ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு குட்டை இருந்தது. வெயில் காலத்தில் அது வற்றி முழங்கால் தண்ணீருக்கு வந்துவிடும். பால் வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்ந்து எழுந்து, ஆண்கள் எல்லாரும் அதில் இறங்குவார்கள். சேற்றால் வரப்புக் கட்டி, மண்ணெண்ணெய் டின்னால் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டுவார்கள். அடிச்சேறு கிளம்பும்போது ஒரு நாற்றம் வரும் பாருங்கள், பம்புப் பஞ்சின் நாற்றமேதான். எங்களுக்கு அது நாற்றமில்லை. அன்றைக்கு மீன் குழம்பு என்று அர்த்தம். விரால், கெளுத்தி, பேர் தெரியாத பொடிமீன் எல்லாம் சேற்றில் துள்ளும். நாங்கள் கரையில் துள்ளுவோம்.

பிடித்த மீனையெல்லாம் ரப்பர் மரத்தடியில் வாழை இலை போட்டுப் பத்துக் கூறாகப் பிரிப்பார்கள். எவ்வளவு பார்த்துப் போட்டாலும் கூறு ஒன்றுபோல் இராது. ஒன்றில் விரால் பெரிதாகக் கிடக்கும், ஒன்றில் முள்ளும் தலையுமாகக் கிடக்கும். சண்டை வராமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் கூறுகளுக்கு முதுகைக் காட்டி மரத்தைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் குச்சியால் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்கிறவர் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்வார். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. எது எவ்வளவு என்று பார்க்காத மனிதர் சொன்னது, ஆகவே யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாக் கதவையும் கூப்பிட்டு முடித்தபின் மிச்சமாகக் கிடப்பது எதுவோ, அது கூப்பிட்டவருக்கு. இதனாலேயே கூப்பிட எவரும் முன்வருவதில்லை. எப்போதும் எங்கள் அப்பாதான் போய் மரத்தைப் பார்த்து நிற்பார்.

அப்பா ஆள் பெயர் சொல்லமாட்டார், வீட்டுப் பெயர்தான். மேட்டு வீட்டுக்கு. ரேடியோ வீட்டுக்கு. ஆட்டு வீட்டுக்கு. சண்டை வீட்டுக்கு என்று கூப்பிட்டால் அந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே வந்து எடுத்துப்போவார்கள். தையல் மிஷின் இருந்ததால் ஒன்று தையல் வீடு. என் சிநேகிதி பிலோமினாவுடையது வேதக்கார வீடு. மாமரத்து வீடு. வீடு நிறையக் குழந்தைகள் இருந்தது புள்ளக்கார வீடு. அதற்கடுத்தது நாங்கள். கடைசிக் கதவு ஒத்தையாள் வீடு.

எங்கள் அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டில் கொஞ்சமும் நம்பிக்கையில்லை. நல்ல விரால் கிடக்கிற கூறைக் குச்சி தொடும்போதெல்லாம் அம்மாவுக்கு இருமல் வரும். அந்த இருமல் எதற்கென்று லயத்துக்கே தெரியும். அப்பா மரத்தைப் பார்த்தபடியே, "சண்டை வீட்டுக்கு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து அம்மா சட்டியை நங்கென்று வைப்பாள்.

"ஊருக்கெல்லாம் பேரு சொல்லிட்டு வந்துட்டாரு. நம்ம வீட்டுக்கு மட்டும் வாலும் தலையும்!"

"கூப்புடுறவனுக்குக் கடைசிதானே புள்ள" என்பார் அப்பா. அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது.

ஒரு தடவை புள்ளக்கார வீட்டு அத்தை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்து நேராகவே கேட்டுவிட்டார்கள். "என் வீட்டுல எத்தன வாயின்னு எண்ணிப் பாருங்கண்ணே. அந்த ஒத்தையாளுக்கும் ஒரு கூறு, எனக்கும் ஒரு கூறா?"

அப்பா திரும்பவில்லை. "கதவுக்குத்தான் கூறு. வாய்க்கு இல்ல" என்றார்.

அது நியாயமா என்று எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம்தான். ஆனால் ஒத்தையாள் மாமாவுடைய முகத்தை அன்றைக்குப் பார்த்தேன். ஸ்டோரில் ரப்பர் ஷீட் உருட்டுகிற வேலை அவருக்கு. ஆசிட்டும் புகையும் கலந்த வாசனை அடிக்கும். பெண்டாட்டி பிள்ளை இல்லை, ஊரிலிருந்து கடிதாசியும் வராது. தன் வீட்டைக் கூப்பிட்டதும், தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் விபூதி வாங்குகிற மாதிரி வந்து அந்த இலையை எடுப்பார். பாதியைப் புள்ளக்கார வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். மிச்சத்தைக் குழம்பு வைப்பார். பொழுது சாய்கிற நேரம், ஒரு மங்குக் கிண்ணத்தில் குழம்போடு எங்கள் கதவில் வந்து நிற்பார்.

அம்மா கேட்பாள், "ஏண்ணே, வச்சதே ஒரு கை. நீங்க தின்ன வேண்டியதுதானே?"

"தனியாத் தின்னா முள்ளு தொண்டையில மாட்டிக்கும்மா. யாரு முதுகுல தட்டி விடுறது?"

எங்கள் வாலும் தலையும் போட்ட குழம்பும், அவர் வைத்த குழம்பும் ஒரே தட்டில் சேரும். அவரும் எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். உறைப்புக் கொஞ்சம் அதிகம் போடுவார். அம்மா கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டுக்கொண்டே குறை சொல்வாள்.

ஆக, பத்து. கடைக்குப் போனபோது என் கணக்கு தண்ணீர்க் கணக்கு இல்லை, கதவுக் கணக்கு. மூன்று மீன் போதும் என்று மெங் சொன்னால் நான் எந்த ஏழு வீட்டை வேண்டாமென்று சொல்வது? குளம் கட்டுகிற உலகத்தார் அடி நீளம், அடி ஆழம் என்று பார்த்து மீன் விடுவார்கள். தோட்டத்துப் பெண்ணுக்குத்தான் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் தோன்றும்.

மீனுக்கெல்லாம் வீட்டுப் பெயர் வைத்தேன். தலையில் சிவப்புப் பொட்டு வைத்தது மேட்டு வீடு. ஓயாமல் வாயைத் திறந்து மூடுவது ரேடியோ வீடு. மற்றதைத் துரத்திக்கொண்டே இருந்தது சண்டை வீடு, வேறென்ன. மஞ்சளும் வெள்ளையுமாகக் குண்டாக ஒன்று, அது பிலோமினா வீடு. முழுக் கருப்பு ஒன்று இருந்தது. தண்ணீர் விழுகிற மூலையில், குழாய்க்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும். எல்லாரும் தின்று முடித்தபின்தான் வரும். அதற்கு நான் பெயர் யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு குளத்துச் சுவரில் வந்து உட்காருவேன். "சண்டை வீடு, தள்ளிப் போ. புள்ளக்கார வீடு, பறக்காதே, வரும்" என்று பேசிக்கொண்டே சாப்பிடுவேன். பிலோமினா இப்போது மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் மகனோடு இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டால் அவள் பேசுவதைவிட அவள் வீட்டுக் கூரைமேல் மழை பேசுவதுதான் அதிகம் கேட்கும்.

"எங்க வீடு எப்படிடி இருக்கு?" என்பாள்.

"உங்க வீடு குண்டாயிருச்சு. வெள்ளிக்கெழம ஒருசந்தியும் பாக்காமத் தின்னுது."

"அடிப்பாவி, எங்கம்மா கேட்டா என்ன சொல்லும்!" சிரிப்பாள். இரண்டு பேரும் சிரிப்போம். போனை வைத்தபின் வீடு இன்னும் அமைதியாகிவிடும், அது வேறு.

தீபாவளிக்கு வந்த செல்வியை நச்சரித்து, பழைய தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். லயத்தை இடித்து எவ்வளவோ காலமாயிற்று, தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் இப்போது தாமான், புதுக் குடியிருப்பு. அந்தக் குட்டை இருந்த பள்ளமாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. போனால் நுழைகிற இடத்தில் தடுப்புக் கம்பி, பக்கத்தில் காவல் கூண்டு. காவலுக்கு இருந்த நேப்பாளிப் பையன் மரியாதையாகத்தான் குனிந்து மலாயில் கேட்டான், யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று. எனக்கு மேட்டு வீடு, ரேடியோ வீடு, ஆட்டு வீடு என்று வரிசையாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கும் நம்பர் இல்லை. செல்வி என்னைப் பார்த்தாள், பிறகு காரைத் திருப்பினாள். வழியில் குளிர்ச்சியாகச் சீரோஜி குடிக்கலாமா மா, தண்ணி வேணுமா மா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நல்ல பிள்ளை. மறுநாள் ஜொகூருக்குப் போய்விட்டாள்.

மெங் சொன்ன மாதிரியே விரல் கையாயிற்று. மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு போகத் தொடங்கின. தண்ணீர் இன்று மாற்றினால் நாளைக்கே கலங்கும். ஒரு பம்பு போதவில்லை என்று இரண்டாவது பம்பு போட்டேன். மூச்சுவிடட்டும் என்று காற்றுக் குமிழி விடுகிற மிஷின் ஒன்றும் வாங்கினேன். போனில் செல்வி, "மா, நீங்க வீட்டுல இருக்கீங்களா, பேக்டரியில இருக்கீங்களா?" என்று கேட்டாள். அப்படியும் காலையில் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கொஞ்சம் பொறுங்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று வாளியும் குழாயுமாக ஓடுவேன்.

ரேடியோ வீடு முதலில் போயிற்று. காலையில் பக்கவாட்டில் மிதந்தது. கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்துவிட்டு, கை கழுவாமல்கூடப் பிலோமினாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த ரேடியோ வீட்டு மீன் செத்துப்போச்சுடி." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மீனுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மழைதான் பேசியது. பிறகு சொன்னாள், "அந்த வீட்டு அண்ணே போயே ரொம்ப வருசமாச்சு. பாகான் டத்தோவுல மக வீட்டுல வச்சு. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் உலை வைக்காவிட்டால் பத்து வீட்டுக்கும் தெரியும். அந்த அண்ணன் செத்துப்போய், அவருடைய பெயரில் ஒரு மீனை வளர்த்து, அதுவும் செத்துப்போனபின் எனக்குச் செய்தி வருகிறது.

அடுத்தது யார் என்று பயந்துபோய், ரேடியோ வீடு செத்த கதையைச் சொல்லி மெங்கைக் கூப்பிட்டேன். அவன் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"அக்கா, இது கொளமா, சார்டின் டின்னா?"

"கிண்டல் பண்ணாத மெங். என்ன செய்யலாம், சொல்லு."

"கொறைக்கணும்லா. ரெண்டு, மூணு வச்சிக்கோ. மத்தது நான் எடுத்துக்கறேன். தஞ்சோங் ரம்புத்தான் ரோட்டுல எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான். பழைய ஈயம் தோண்டுன குட்ட, பெரிசு. அங்க விட்டா எல்லாம் ஒண்ணா இருக்கும், நல்லா இருக்கும். இங்க இருந்தா எல்லாம் செத்துடும் அக்கா. நெசமாத்தான் சொல்றேன்."

நிஜம்தான். எனக்கே தெரிந்திருந்தது. சரி என்றேன். அவன் லாரியிலிருந்து பெரிய பேசினும் வலையும் பிளாஸ்டிக் பைகளும் எடுத்துவந்தான்.

"எது வேணும், எது வேணாம், கைய காட்டு அக்கா."

குளத்தைப் பார்த்தேன். தீனி வரும் என்று நினைத்து எல்லாம் என் பக்கம் வந்து நின்றன. என்னால் கையைத் தூக்க முடியவில்லை. எந்த வீட்டைக் காட்டி இதைக் கொண்டு போ என்று சொல்வேன்? அப்பா ஏன் ரப்பர் மரத்தைப் பார்த்து நின்றார் என்று அப்போது விளங்கியது. நான் குளத்துக்கு முதுகைக் காட்டி, வீட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"ஏன் அக்கா?"

"நீ ஒவ்வொண்ணாப் புடி. புடிச்சிட்டு, இது யாருக்குன்னு கேளு. நான் சொல்றேன்."

அவன் கடைக்காரன், எத்தனையோ விதமான வாடிக்கையாளரைப் பார்த்தவன். மறுபடியும் ஏனென்று கேட்கவில்லை. வலை தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

"இது யாருக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. "மேட்டு வீட்டுக்கு" என்றேன். என் குரல் எங்கள் அப்பா குரல் மாதிரி வந்தது.

"இது யாருக்கு?"

"ரேடியோ வீட்டு..."

"அது செத்துப்போச்சே அக்கா" என்றான் மெல்ல.

"ஆமாம். சரி. ஆட்டு வீட்டுக்கு."

"இது?"

"சண்டை வீட்டுக்கு."

மூன்றை வைத்துக்கொள்ள வேண்டும், ஆறு பெயரோடு நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன். ஆனால் இது ஒருமுறை தொடங்கினால் நடுவில் நிற்கிற காரியமில்லை. தையல் வீட்டுக்கு. வேதக்கார வீட்டுக்கு. மாமரத்து வீட்டுக்கு. கூப்பிடாமல் விட்ட கதவென்று எங்கள் லயத்தில் ஒன்று இருந்ததில்லை. புள்ளக்கார வீட்டுக்கு. அவன் கேட்கக் கேட்க, வாய் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று. கண்ணீர் முகவாய் வரைக்கும் வந்ததைத் துடைக்கவில்லை, அவன் பார்க்கவா போகிறான்.

"ஒத்தையாள் வீட்டுக்கு" என்றேன் கடைசியாக.

வலை ஒரு தடவை விழுந்த சத்தம், பை கட்டுகிற சத்தம், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா," என்றான் மெங், "ஒண்ணுதான் இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். எட்டுப் பைகள் பேசினில் சாய்ந்து கிடந்தன. குளம் அகலமாகத் தெரிந்தது. தண்ணீர் விழுகிற மூலையில், குழாய்க்கடியில், வலைக்கு அகப்படாமல் கருப்பு மீன் ஒண்டிக்கொண்டு நின்றது. எங்கள் வீடு என்று நான் பெயர் வைத்திருந்த மீன்கூடப் பைக்குள் இருந்தது.

"ரெண்டு திருப்பி விடறேன்லா. ஒண்ணு மட்டும் இருந்தா பாவம்."

"வேணாம் மெங். கூறு போட்டாச்சு. கூப்புடுறவளுக்கு மிச்சம்தான்."

அவனுக்கு என்ன விளங்கியதோ தெரியவில்லை. பைகளை லாரியில் ஏற்றினான். எல்லாம் ஒன்றாகத்தான் போயின, ஒரே பேசினில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. லயத்து ஆட்கள் போனதுதான் அப்படியில்லை. ஆளுக்கொரு பக்கமாக, ஆளுக்கொரு லாரியில் போனோம். லாரி முனை திரும்பும்வரை கேட்டில் நின்றேன்.

பிலோமினாவிடம் சொன்னேன். "எங்க வீட்டையும் குடுத்துட்டியாடி?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி விடு, பெரிய எடம்தானே" என்றாள். போனை வைத்துவிட்டோம்.

இப்போது ஒரு மீனுக்கு இரண்டு பம்பு ஓடுகிறது. ஒன்று போதும், ஒன்றுகூட அதிகம். அணைத்துப் பார்த்தேன், சத்தம் குறைந்ததும் என்னவோ போலிருந்தது, போட்டுவிட்டேன். பஞ்சிலும் முன்போல் அழுக்குச் சேர்வதில்லை. இன்று காலை அலசியதில் நாற்றம் கொஞ்சம்தான் வந்தது. அதனால்தான் அப்படிப் பக்கத்தில் வைத்து முகர வேண்டியிருந்தது, எதிர்வீட்டுப் பெண்ணே.

மத்தியானம் கெம்போங் மீன் குழம்பு வைத்தேன். குளத்தில் இருக்கிறவர் காதில் விழாமல் சொல்கிறேன். ஒருத்திக்கு மட்டும் வைக்க என் கைக்கு இன்னும் வரவில்லை, சட்டி நிறைய ஆகிவிட்டது. உறைப்பும் கொஞ்சம் கூட. பொழுது சாய்ந்ததும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, தட்டால் மூடி, வாசலுக்கு வந்தேன். இந்தப் பக்கத்து வீட்டில் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள், தானாகத் திறந்து தானாக மூடுகிற கேட், மனிதர் முகம் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்து வீட்டில் விற்பனைக்கு என்று பலகை தொங்குகிறது. எதிர்வீட்டுப் பெண் மீன் சாப்பிடுவாளா என்றுகூட எனக்குத் தெரியாது. அவளுடைய கார் இன்னும் வரவில்லை. ஒத்தையாள் மாமாவுக்கு யாருமில்லை என்று அம்மா உச்சுக்கொட்டுவாள். அவருக்கா யாருமில்லை? குழம்போடு வெளியே வந்தால் அவருக்கு ஒன்பது கதவு இருந்தது.

குளத்துச் சுவரில் உட்கார்ந்து கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பம்பும் ஓடிக்கொண்டிருந்தன.

"இது யாருக்கு?" என்று சத்தமாகவே கேட்டேன்.

திரும்பி நின்று பேர் சொல்ல ஆள் இல்லை.